ரேஷன் அரிசிக்குப் பதில் பணமா? கொரோனா காலத்தை வைத்துப் பேசுவோம்

கூட்டுறவுக்காரன் (தஞ்சாவூர்) எழுதியது:

போன வாரம் இன்னொரு இழையில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: ரேஷன் அரிசியில் பாதி இட்லி மாவுக் கடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போகிறதாம், கடைகளை மூடிவிட்டு அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடலாமாம். அங்கே பதில் எழுதினால் பேச்சு எங்கேயோ போய்விடும் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

நான் 31 வருஷம் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தவன். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடே அடைப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் நாலு பேர் நின்றார்கள். "கடை திறப்பீங்களா?" அது ஒன்றுதான் கேள்வி. பேங்க் திறக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2 முதல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், கூடவே அரிசி, துவரம் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் விலையில்லாமல். தெருவாரியாக டோக்கன், வாசலில் சுண்ணாம்பு வட்டம். ஒரு பெரியவர் தன் வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார், பின்னால் நிற்பவர்கள் செருப்பைக் காலால் தள்ளித் தள்ளி நகர்த்துவார்கள். முன்னுரிமை அட்டைக்கு மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதலாகக் கொடுத்ததும் அந்த ஏப்ரலில்தான் தொடங்கியது. நவம்பர் வரை வந்தது, மறுபடி 2021 மே முதல் 2022 டிசம்பர் வரை. கடையும் குடோனும் லாரியும் எடைபோட ஆளும் ஏற்கெனவே இருந்ததால்தான் இத்தனை மூட்டையை நகர்த்த முடிந்தது. வேலை போனது, கூலி போனது, ஆனால் உலை கொதித்தது. ஆகவே என் கட்சி இதுதான்: இன்னொரு தொற்று வந்தாலும் முதலில் அரிசி. பணம் அப்புறம்.

தறிச்சத்தம் (பள்ளிபாளையம்) எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உலை கொதித்தது, சரி. பக்கத்து அடுப்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் விசைத்தறி ஓடினால்தான் கூலி. சனிக்கிழமை சனிக்கிழமை கைக்கு வரும். 2020 மார்ச் 21-ம் தேதி வாங்கியதுதான் கடைசி, அப்புறம் ஏழு சனிக்கிழமை ஒன்றுமில்லை. முதலில் நின்றது கறி. அதில் பெரிய வருத்தமில்லை, சாவு விழுந்த வீட்டில் கறி நிற்பது மாதிரி ஊரே நிறுத்தியிருந்தது. அடுத்து அரை லிட்டர் பால் கால் லிட்டராகி, பிறகு கடுங்காப்பி ஆனது. அதற்கடுத்து பருப்பு. ஏப்ரல் கடைசியில் காலையில் பழைய சோறு, மதியம் சோறும் புளி ரசமும், ராத்திரிக்கு மதியம் மிஞ்சியது. வயிறு நிறைந்ததா என்றால் நிறைந்தது. உங்கள் கடை அரிசிக்கு நான் நன்றி கெட்டவன் இல்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். நாங்கள் இருப்பது நாமக்கல் மாவட்டம். 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்று வாட்ஸப்பில் எவனோ கிளப்பிவிட, முட்டை விலை தரைக்கு வந்தது. அந்த விலைக்கும் வாங்க ஏப்ரலில் கையில் காசு இல்லை. முட்டை மலிந்த ஊரில் முட்டை மலிந்த நேரத்தில் என் வீட்டில் முட்டை இல்லை.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. பள்ளி மூடியது அந்த மார்ச்சில், ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், தினசரி முட்டை அதில் இல்லை. நாலாம் வகுப்பில் முட்டையை விட்டவள் ஆறாம் வகுப்பில் போய்த்தான் மறுபடி வரிசையில் நின்றாள். இன்னும் 20 கிலோ அரிசி கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இது மாறியிருக்காது. கையில் காசு வேண்டும், அவ்வளவுதான்.

செலவுக்கணக்கு (சென்னை) எழுதியது:

தறிச்சத்தம் சொல்லும் நோய் சரி, கேட்கும் மருந்து தப்பு.

முதலில் நோயைப் பற்றி. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வேலையின்மை 49.8 சதவீதம் என்று சிஎம்ஐஈ என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. அகில இந்திய அளவில் அது 23.5. ஆலையும் தறியும் ஹோட்டலும் நிறைந்த மாநிலம் என்பதால் நமக்கு அடி பலம். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், தாங்கள் விசாரித்தவர்களில் 90 சதவீதம் பேர் ஊரடங்கில் சாப்பாட்டைக் குறைத்ததாகச் சொன்னார்கள் என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் 20 சதவீதம் பேருக்கு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அது பல மாநிலக் கணக்கு, நமக்கு மட்டும் ஆனதல்ல.

இப்போது மருந்து. அரிசி அட்டை சுமார் இரண்டு கோடி. ஆயிரம் என்றாலே இரண்டாயிரம் கோடி. 2021-ல் கொடுத்த நாலாயிரத்துக்கு எட்டாயிரம் கோடிக்கு மேல் ஆனது. அதில் மாதச் சம்பளம் தடையில்லாமல் வந்த வீடும் உண்டு, தறிக்காரர் வீடும் உண்டு, இருவருக்கும் ஒரே தொகை. பணமாகக் கொடுத்தால் அதில் எவ்வளவு டாஸ்மாக்குக்குப் போகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், வெளியே சொல்ல மாட்டோம். 2021 ஜூனில் 14 பொருள் கொடுத்தார்களே, கோதுமை, ரவை, உளுந்தம்பருப்பு, கடலைப்பருப்பு, புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், சோப்பு எல்லாம் போட்ட பை, அதுதான் வழி. பொருளாகக் கொடு, ஆனால் வெறும் அரிசியாக வேண்டாம்.

தறிச்சத்தம் எழுதியது:

டாஸ்மாக் பேச்சு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். 1000 ரூபாய் கொடுத்தது 2020 ஏப்ரல் முதல் வாரம். டாஸ்மாக் மூடியது மார்ச் 24, திறந்தது மே 7. ஆயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மே வரை காத்திருந்து குடித்தார்கள் என்று சொல்கிறீர்களா சார்?

செலவுக்கணக்கு எழுதியது:

2020-க்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021-ஐப் பாருங்கள். இரண்டாம் தவணை 2000 கொடுக்கத் தொடங்கியது ஜூன் 15. அதற்கு முதல் நாள், ஜூன் 14, டாஸ்மாக் திறந்தாயிற்று. தேதியை யார் குறித்தார்களோ.

தறிச்சத்தம் எழுதியது:

27 மாவட்டத்தில் திறந்தது. தொற்று அதிகம் என்று விட்டுவைத்த 11 மாவட்டத்தில் நாமக்கல்லும் ஒன்று, இங்கே ஜூலை வரை பூட்டுதான். எங்கள் பக்கத்தில் குடிக்கிறவன் தருமபுரி எல்லை வரைக்கும் வண்டி ஓட்டினான், அது உண்மை. அவனை வைத்து மொத்தத் தெருவுக்கும் கணக்கு எழுதாதீர்கள். குடிக்கிறவன் அரிசியை விற்றும் குடிப்பான்.

மட்டுறுத்துநர்:

எந்த ஆட்சி எவ்வளவு கொடுத்தது என்ற சண்டையில் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். தலைப்பில் நில்லுங்கள்.

பரமக்குடி மருமகள் எழுதியது:

நான் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் அப்போது திருப்பூரில் இருந்தோம். நான் செக்கிங், வீட்டுக்காரர் அயர்னிங். கம்பெனி மூடியதும், ஒரு வாரம்தானே என்று அங்கேயே இருந்துவிட்டோம். அப்புறம் பஸ் இல்லை.

வட மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு 15 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், எங்கள் காம்பவுண்டில் இருந்த பீகார் பையன்கள் அதிலிருந்து எங்களுக்கும் இரண்டு தடவை அரிசி தந்தார்கள். நாங்கள் அந்த வரிசையில் நிற்க முடியாது, தமிழ்நாட்டுக்காரர்கள், அட்டை உள்ளவர்கள். உள்ளூர் ரேஷன் வரிசையிலும் நிற்க முடியாது, ஏனென்றால் அட்டை பரமக்குடியில் மாமியாரிடம் இருந்தது.

இரண்டும் மாமியாருக்குக் கிடைத்தது, அரிசியும் ஆயிரமும். அரிசியை டிரம்மில் கொட்டி வைத்து "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயிரம் ரூபாயைப் பக்கத்து வீட்டுப் பையன் அன்று சாயங்காலமே கூகுள் பேயில் அனுப்பிவிட்டான். அதில் காஸ் சிலிண்டர் வாங்கினேன். அரிசி கொடுத்தவர்கள் யாரும் அடுப்பெரிக்க எது என்று கேட்கவில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கூட்டுறவுக்காரன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். அதே 2020 அக்டோபர் 1-ல் ஒரே நாடு ஒரே ரேஷன் நம் மாநிலத்துக்கு வந்துவிட்டது. இப்போது பரமக்குடி அட்டைக்குத் திருப்பூரில் கைரேகை வைத்து வாங்கலாம். கோளாறு அட்டை முறையில் இருந்தது, அரிசியில் இல்லை.

பரமக்குடி மருமகள் எழுதியது:

அக்டோபரில் கம்பெனியே திறந்துவிட்டதே ஐயா.

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி) எழுதியது:

தமிழ்நாட்டுக்காரர்கள் கடையை மூடிவிட்டுப் பணம் தரலாமா என்று பேசிக்கொள்வதைப் பார்த்தால் எங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. நாங்கள் அதைச் செய்து பார்த்தவர்கள். 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து புதுச்சேரியிலும் உணவுப் பாதுகாப்புச் சட்ட அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். அப்புறம் மாநில இலவச அரிசியும் பணமாக மாறியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், அதாவது கிலோ 30. அந்த விலைக்கு வாய்க்கு வைக்கிற மாதிரி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும்? அரிசி விலை ஏறியது, தொகை அப்படியே நின்றது.

கொரோனா வந்ததும் மத்திய அரசு அரிசி அனுப்பியது. கொடுக்கக் கடை இல்லை! ரேஷன் கடைகள் எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் வைத்து விநியோகம் நடந்தது. எடைபோட்டுப் பழகாதவர்கள் எடைபோட்டார்கள், எங்கள் தெருவில் அது ஒரு நாள் முழுக்க ஆனது. கடைசியில் 2024 அக்டோபரில் தீபாவளிக்கு அரிசி, சர்க்கரை என்று கடைகளை மறுபடி திறந்தார்கள். ஆயிரம் ரூபாயைக் கூகுள் பேயில் அனுப்பிய பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூடிய கடையை நெருக்கடி வரும் வாரத்தில் திறக்க முடியாது, இதை எங்கள் ஊரில் பார்த்தாயிற்று.

முருங்கைத் தோட்டம் (ஒட்டன்சத்திரம்) எழுதியது:

நீங்கள் எல்லாரும் ரசம் குடித்துக்கொண்டிருந்த அதே மே மாதம் நாங்கள் மூன்று வேளையும் முருங்கைக்காய் சாப்பிட்டோம். மே 5-ம் தேதி சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். இங்கே லாரிக்காரர் வரத் தயங்கினார், கிடைத்த விலை பறிகூலிக்கே கட்டவில்லை, காய் மரத்திலேயே முற்றியது. சென்னையில் அதே காய் என்ன விலை என்று அக்கா மகன் போனில் சொன்னபோது எனக்கு வந்த வார்த்தையை மட்டுறுத்துநர் விடமாட்டார். இன்றைக்கும் என் பையன் முருங்கைக்காய் சாம்பாரைத் தொடமாட்டான். அரிசியா பணமா என்று பேசுங்கள், காய் எப்படி வந்து சேரும் என்பதையும் ஓர் ஓரமாகப் பேசுங்கள்.

மூலைக்கடை (மதுரை) எழுதியது:

நான் மளிகைக்காரன். இந்தச் சண்டையில் யாரும் பார்க்காத சாட்சி ஒன்று என்னிடம் இருக்கிறது, பற்று நோட்டு. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு ஆட்டோக்காரர் வீட்டுப் பக்கம், பெயர் வேண்டாம். நாலு பேர்.

2020 மார்ச் முதல் வாரம்: துவரம் பருப்பு 1 கிலோ, உளுந்து 1 கிலோ, கடலெண்ணெய் 1 லிட்டர், கடலைப்பருப்பு அரை, நெய் சின்ன பாட்டில், பிஸ்கட் இரண்டு, பிள்ளைக்குச் சத்துமாவு டப்பா.

ஏப்ரல்: துவரம் பருப்பு அரை, உளுந்து அரை, பாமாயில் பாக்கெட் 1. நெய் இல்லை. டப்பா இல்லை. பிஸ்கட் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்று.

மே: துவரம் பருப்பு 200 கிராம், புளி 100, மிளகாய் 100, டீத்தூள் சின்ன பாக்கெட் நாலு.

ஜூன் 24-ல் மதுரைக்கு மறுபடி முழு அடைப்பு வந்தது, ஞாபகம் இருக்கும். அந்த வாரம்: உப்பு 1, ஊறுகாய் இரண்டு ரூபாய்ப் பாக்கெட் ஆறு, தீப்பெட்டி. அவ்வளவுதான்.

அரிசி என்ற வார்த்தை இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஆக, கூட்டுறவுக்காரர் ஐயா சொல்வது சரி, சோற்றுக்குக் குறைவில்லை. சோற்றோடு சேர்வதுதான் வரிவரியாகக் காணாமல் போயிருக்கிறது. தறிச்சத்தம் சொல்வதும் சரி.

டாஸ்மாக் பற்றிப் பேசும் சென்னை நண்பருக்காக ஒரு வரி. ஏப்ரல் 8-ம் தேதிக்கு எதிரே என் கையெழுத்தில் "வரவு 400" என்று இருக்கிறது. நிவாரணம் வாங்கிய மறுநாள். அதற்குக் கீழேயே அரை கிலோ பருப்பும் எண்ணெயும். என் நோட்டில் அந்த வாரம் முழுக்க இப்படித்தான் வரவு, முந்நூறு, நானூறு, இருநூறு. யார் வீட்டு ஆயிரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, என் தெரு ஆயிரம் எங்கே போனது என்று தெரியும்.

இன்னொன்று. இந்தக் கடன் என் பையிலிருந்து போனதில்லை. எனக்குச் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி கடனை ஏப்ரல் நடுவில் நிறுத்திவிட்டார், ரொக்கம் என்றால் மூட்டை, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் நானும் ஒரு கட்டத்தில் "பழசைக் கொஞ்சம் குறைச்சுட்டு வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகு அந்த ஆட்டோக்காரர் எங்கள் தெரு வழியே வராமல் பின்சந்தில் சுற்றிப் போனார். மே மாதக் கணக்கு சுருங்கியதற்கு என் வாயும் ஒரு காரணம்.

செலவுக்கணக்கு எழுதியது:

மூலைக்கடை அண்ணாச்சி, அந்த "வரவு 400"-க்கு முன் என் வாதம் கொஞ்சம் தள்ளாடுகிறது. டாஸ்மாக் என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு நோட்டை வைத்து மாநிலக் கொள்கை எழுத முடியாது. உணவு உரிமைக்கான இயக்கம் 2020 கடைசியில் தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் சுமார் 4000 பேரிடம் விசாரித்தது. மூன்றில் இரண்டு பேர் சாப்பாட்டின் அளவு குறைந்ததாகச் சொன்னார்கள். அதை இங்கே யாராவது தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது ஏற்கெனவே நலிந்தவர்களைத் தேடிப் போய் எடுத்த கணக்கு, எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அப்படிப் பார்த்தால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நலிந்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு மட்டும் நாலாயிரம் என்ன, பத்தாயிரமே கொடுக்கலாமே?

தறிச்சத்தம் எழுதியது:

தெரிந்தால்தானே சார். 2020 பிப்ரவரியில் என்னை யாராவது நலிந்தவன் பட்டியலில் எழுதியிருப்பார்களா? வீட்டில் இரண்டு பேர் தறி ஓட்டினோம், டிவி, பைக், பீரோ எல்லாம் உண்டு. மே மாதம் நான் என்ன ஆனேன் என்று பிப்ரவரிப் பட்டியலுக்குத் தெரியாது. தொற்று யாரை எப்போது தட்டும் என்று பட்டியல் போட ஆறு மாதம் ஆகும், அதற்குள் பட்டியலே மாறிவிடும். எல்லாருக்கும் அரிசி கொடுக்கிற மாநிலம் என்பதால்தான் எனக்கு அரிசியே வந்தது. அதே நியாயம் பணத்துக்கும்தான்.

அந்த மூன்று மாத மளிகை எதிலிருந்து வந்தது தெரியுமா? குழு லோன் தவணையை ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தள்ளிப் போடலாம் என்றது, வட்டி மட்டும் தள்ளிப் போகவில்லை. ஆகஸ்டில் வீட்டுக்காரியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தோம். பவுன் 40,000 தாண்டிய நேரம், நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்றும் அதே மாதம் சொன்னார்கள். நல்ல தொகைதான் கிடைத்தது. மூலைக்கடை மாதிரி எங்கள் ஊர்க் கடைக்காரருக்குப் பாக்கியை அடைத்தோம். சங்கிலியை மீட்டது 2023 தை மாதம். உங்கள் அறிக்கையில் ஆறு மாதத்தில் சாப்பாடு பழைய நிலைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன்.

கூட்டுறவுக்காரன் எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

விலையில்லாமல் கொடுத்த மாதங்களில் என் கடையில் எல்லாரும் எல்லாப் பொருளையும் வாங்கினார்கள். பிறகு அரிசி மட்டும் இலவசம், மற்றதற்கு வழக்கமான விலை என்று மாறியது. துவரம் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25, சர்க்கரை 25. வெளியே விற்பதைவிட எத்தனையோ மலிவு. அந்த மாதம் பைகளில் அரிசியை வாங்கிக்கொண்டு, "பருப்பு அப்புறம் வாங்கிக்கிறேண்ணே" என்று போனவர்கள் நிறையப் பேர். அப்புறம் வரவில்லை. ஒரு அம்மா சீலை முடிச்சிலிருந்து எடுத்து எண்ணினார், 25-க்கு இரண்டு ரூபாய் குறைந்தது. நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் தம்பி என்று எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது அரிசியைப் பற்றிய கதையாகவே அப்போது படவில்லை.

புதுச்சேரி நண்பர் எழுதியதால் கடையை மூடக் கூடாது என்பதில் நான் இன்னும் உறுதி. பணம் அப்புறம் என்றேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

அடித்தாயிற்று ஐயா. ஒரே ஒரு சந்தேகம். அந்த மாதம் மீந்த பருப்பு என்ன ஆனது?

கூட்டுறவுக்காரன் எழுதியது:

மூட்டைக் கணக்கில் மீந்தது. இருப்புப் பதிவேட்டில் எழுதி அனுப்பினேன். தேவை குறைந்துவிட்டது என்று அடுத்த மாத ஒதுக்கீட்டில் கழித்துக்கொண்டார்கள்.